பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மனுக்கு, பத்து வருடம் கழித்து

அன்புள்ள ரிக்மன் அவர்களுக்கு,

இந்த ஜனவரி 14ஓடு நீங்கள் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது. டிசைன் ஸ்டுடியோவை விட்டுவிட்டு 26 வயதில் லண்டனின் ராடா நடிப்புப் பள்ளியில் சேர்ந்த கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் டைரியைப் படித்துவிட்டேன். 2022இல் அது புத்தகமாக வந்தபோது சம்மதமா என்று கேட்க நீங்கள் இல்லை. மன்னிக்க வேண்டும். ஆனால் பேட்டிகளில் எதற்கும் பிடிகொடுக்காமல் பேசியவர் நீங்கள்தானே, எங்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? கடைசிப் பக்கங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுத மாட்டேன். அது உங்களோடும் உங்கள் மனைவி ரீமா அவர்களோடும் இருக்கட்டும்.

ஊரெல்லாம் உங்களை ஹாரி பாட்டர் படங்களின் ஸ்னேப் என்கிறது. எனக்கு நீங்கள் கர்னல் பிராண்டன், 1995இல் வந்த சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியின் பிராண்டன். (அதே கதை 2000இல் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் ஆனபோது உங்கள் இடத்தில் மம்மூட்டி. அவரும் பிரமாதம்.) உள்ளே, நீங்கள் காதலிக்கும் மரியான் காய்ச்சலில் கிடக்கிறாள். நீங்கள் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்கிறீர்கள். எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள், இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் அக்கா எலினாரிடம் கேட்கிறீர்கள். குரல் உயரவே இல்லை. அம்மா வந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எலினார் சொன்னதுதான் தாமதம், முகத்தில் உயிர் வந்துவிடுகிறது. குதிரையேறிக் கிளம்பிவிடுகிறீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். உள்ளே இருந்தது யார் என்று சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். நர்ஸ் மருந்துச் சீட்டை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்ட உங்கள் முகம்தான் கண்முன் நின்றது.

இப்படி நடிக்கத் தெரிந்தவர் எட்டு வருடம் மேடை ஏறாமல் இருந்தது நியாயமா? நியூயார்க்கின் பிராட்வேயில் பிரைவேட் லைவ்ஸ் நாடகம் 2002இல் முடிந்தது. அடுத்து மேடையில் நடித்தது 2010இல், டப்ளின் அபே தியேட்டரில். நடுவில் நாடகங்களை இயக்கினீர்கள், சரி. காசாவில் உயிரிழந்த அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரியின் எழுத்தை 2005இல் லண்டன் ராயல் கோர்ட் மேடைக்குக் கொண்டுவந்ததற்கு என்றைக்கும் நன்றி. ஆனால் நடிக்கவில்லையே! படத்துக்குப் படம் ஸ்னேப்பின் அதே கறுப்பு அங்கி. 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் லே லியேசோன் டாஞ்செரஸ் நாடகத்தில் வால்மோனாக நின்றவர் நீங்கள். சினிமாவில் அந்த வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆஸ்கார் பட்டியலில் உங்கள் பெயர் ஒருமுறைகூட வராததும்தான்.

அப்புறம் டைரியில் 2006 ஜனவரிக்கு வந்தேன். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்த சமயம். பாட்டர் ஐந்தாம் படத்துக்குச் சரி சொல்கிறீர்கள். இது உன் கதை, கடைசிவரை போய் முடித்துவிடு என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு. அந்தப் பக்கத்துக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை. ஆனாலும் யாருக்காக முடித்தீர்கள்? உடம்பு அப்படி இருந்தபோது யாராவது வேண்டாம் என்று தடுத்திருக்கக் கூடாதா?

ஸ்னேப்பின் ரகசியத்தில் ஒரு துளியை, ஹாரி பாட்டரை எழுதிய ரோலிங் ஆரம்பத்திலேயே உங்களிடம் சொல்லிவைத்திருந்தார். அது தெரிந்தவர் ஹாரியைப் பார்க்கும்போது கண்ணை எங்கே நிறுத்துகிறார் என்று கவனிக்க, முதல் படத்திலிருந்து எட்டையும் பார்க்கப் போகிறேன். கோபம் போகுமா என்று தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை