ஆக்சன்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அலுவலக ஆங்கிலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, உச்சரிப்பில் தெரியும் தாய்மொழிச் சாயலை, அதாவது ஆக்சன்டை, முழுக்கத் துடைத்துவிடச் சொல்கிறது. பேச்சுப் பயிற்சி தருபவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. சாயல் தெரிவது வேறு, சொன்னது புரியாமல் போவது வேறு. மன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 'ஆக்சன்ட் மிக அதிகம்' என்று தாங்களே மதிப்பிட்ட பேச்சில்கூடப் பல வாக்கியங்களைக் கேட்டவர்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விமானிகளின் வானொலிப் பேச்சைப் பாருங்கள். அங்கே 'த்ரீ' என்பதை 'ட்ரீ' என்றும், 'தௌசண்ட்' என்பதை 'டௌசண்ட்' என்றும் சொல்லும்படி சர்வதேச விதியே இருக்கிறது. உயிர் போகிற இடத்திலேயே ஆங்கிலத்தின் அந்த 'th' ஒலி தேவைப்படவில்லை. அதற்காகப் பல்லிடுக்கில் நாக்கை வைத்து மாதக்கணக்கில் பழகுவது வீண் வேலை.

உண்மையில் பேச்சு இடறுவது சில இடங்களில்தான். முதலாவது 'தர்ட்டீன்', 'தர்ட்டி'. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் தருகிறோம். ஆங்கிலக் காது இவ்விரண்டையும் பெரும்பாலும் அழுத்தத்தை வைத்தே பிரிக்கிறது. 'டீன்' வரும்போது அதை நீட்டி அழுத்துங்கள். தொகையோ தேதியோ என்றால் 'ஒன் த்ரீ' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது 'கேன்', 'கேன்ட்'. நாம் 'கேன்' என்பதை முழு அழுத்தத்தோடு சொன்னால் எதிரே இருப்பவருக்கு 'முடியாது' என்று கேட்கலாம். மறுக்கும்போது 'கேனாட்' என்று முழுதாகச் சொல்வதே பத்திரம். மூன்றாவது, பின்பக்கத்தைக் குறிக்கும் 'பேக்', கைப்பையைக் குறிக்கும் 'பேக்'. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கைப்பையைச் சொல்லும்போது நடுவில் வரும் உயிரொலியைச் சற்று நீட்டினாலே பாதி வேறுபாடு வந்துவிடும். குறில் நெடில் நமக்குப் பிறவிப் பழக்கம் என்பதால் 'ஷிப்', 'ஷீப்' குழப்பம் தமிழர்களுக்கு அநேகமாக இல்லை. இதை எந்தப் பயிற்சி நிலையமும் பாராட்டுவதில்லை!

தொலைபேசியில் எழும் சிக்கலுக்கு ஆக்சன்டைக் குறை சொல்லாதீர்கள். பழைய முறை இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. யார் பேசினாலும் அது தொலையும். பெயரை எழுத்துக்கூட்டும்போது 'எஸ்' என்பதற்கு 'சியர்ரா', 'எஃப்' என்பதற்கு 'ஃபாக்ஸ்ட்ராட்' என்று முழுச் சொல்லாகச் சொல்வது இதனால்தான்.

பூசிய ஆக்சன்ட் எங்கே உடைகிறது என்பதும் பயிற்சியில் தெளிவாகத் தெரியும். 'ர' இல்லாத இடத்திலும் நாக்கு சுருளும். கவனம் பாதி வாயிலேயே நிற்பதால் விஷயம் தடுமாறும். கடினமான கேள்வி வந்ததும் பழைய உச்சரிப்பு திரும்பிவிடும். கேட்பவர் இரண்டாம் முறை காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். புதிய ஆக்சன்டுக்குக் காது ஒரு நிமிடத்துக்குள் பழகத் தொடங்கும் என்று 2004-இல் கிளார்க், காரெட் ஆய்வு காட்டியது. ஆகவே கூட்டத்தில் முதல் ஒரு நிமிடம் எண்களையும் பெயர்களையும் தவிர்த்துப் பொதுவாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்.

கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. 1992-இல் ரூபின் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், ஒரே அமெரிக்கக் குரல்பதிவை ஒரு குழுவுக்கு வெள்ளையர் படத்தோடும் இன்னொரு குழுவுக்கு ஆசிய முகத்தோடும் போட்டார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது குறைவு. குரலில் எந்த மாற்றமும் இல்லை! நேர்காணல் நடத்துபவர்கள் மதிப்பெண் தாளில் 'ஆக்சன்ட்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, எந்த இடத்தில் மறுபடி கேட்க நேர்ந்தது, எந்தச் சொல் தவறாகக் கேட்டது என்று எழுதட்டும். 'மறுபடி சொல்லுங்கள்' என்பதைவிட 'தேதி வரை புரிந்தது, அதன் பிறகு?' என்று கேட்டால் பேசுபவருக்கும் எங்கே திருத்துவது என்று தெரியும்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்