நூலக மென்பொருள்: போட்ட தரவு வெளியே வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி நூலகத்துக்கு மென்பொருள் வாங்கும் பேச்சு எழுந்தால் நிர்வாகத்தின் முதல் கேள்வி, "கோஹா இலவசம்தானே, எதற்குக் காசு?" என்பதுதான். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) நூலக மென்பொருளான கோஹாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் லினக்ஸ் தெரிந்த ஆளுக்கும் செலவு உண்டு. விலைக்கு வரும் மென்பொருளில் இதே செலவு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமாக வருகிறது. ஐந்தாண்டுக்குக் கணக்குப் போட்டுத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான இன்ஃப்ளிப்நெட் மையத்தின் நூலக மென்பொருளான சோல் அரசு சார்ந்தது என்பதாலேயே அதைத் திறமூலம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் மூலநிரல் நம் கைக்கு வராது.

விலையைவிடப் பெரிய விஷயம், உள்ளே போட்ட தரவு முழுதாக வெளியே வருமா என்பது. வணிக மென்பொருள்கள் சிலவற்றில் 'ஏற்றுமதி' என்றால் தலைப்பு, ஆசிரியர், அக்சஷன் எண் (நூலகத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் பதிவு எண்) கொண்ட எக்செல் கோப்பு மட்டுமே. அதில் ஒரே நூலின் ஐந்து பிரதிகள் ஐந்து தனி நூல்களாக நிற்கும். நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்புகள் இருக்காது. ஆகவே பணம் கட்டும் முன்பே நூறு நூல்களைப் பதிந்து காட்டச் சொல்லுங்கள். தமிழ் நூல், பல தொகுதி நூல், பல பிரதி உள்ள நூல் எல்லாம் அதில் இருக்கட்டும். அவற்றை நூற்பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க் 21 கோப்பாக எடுத்து, வேறொரு கணினியில் உள்ள கோஹாவில் ஏற்றிப் பாருங்கள். பிரதி விவரம் 952ஆம் புலத்தில் உட்கார வேண்டும்: பார்கோடு p, அழைப்பு எண் o, நூலகக் குறியீடு a, b, நூல் வகை y என்ற துணைப்புலங்களில்.

பழைய மென்பொருளிலிருந்து கோஹாவுக்கு மாறும்போது தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். எக்செல்லில் கோப்பைச் சும்மா திறந்தாலே 000451 என்பது 451 ஆகிவிடும். பிறகு ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்தால் 'இல்லாத நூல்' என்று வரும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கி இறக்க வேண்டும். பழைய மென்பொருளில் தமிழ் பாமினி, டேம் போன்ற எழுத்துரு முறைகளில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவைத் தமிழுக்கு ஏற்ப ஐசியு என்ற யூனிகோடு முறையில் அமைத்து, தேடல் சுட்டியை (இன்டெக்ஸ்) முழுதாக மீண்டும் கட்டுவதும் அவசியம். அதைச் செய்யாமல் 'தமிழ் தேடல் சரியில்லை' என்று கோஹாவைக் குறை சொல்பவர்கள் ஏராளம். உறுப்பினர் பட்டியல் தனி சிஎஸ்வி கோப்பாகத்தான் போகும். இரவல் விவரம் மார்க் கோப்பில் வராது. ஆகவே நூல்கள் பெரும்பாலும் திரும்பியிருக்கும் மே மாதமே மாற்றத்துக்கு ஏற்ற காலம்.

கோஹா தினமும் தானே காப்புப் பிரதி எடுக்கும். ஆனால் எடுத்து வைப்பது அதே வன்தட்டில், அதுவும் இயல்பமைப்பில் கடைசி சில நாட்களுக்கு மட்டும். தட்டு போனால் இரண்டும் போகும். தினமும் இன்னொரு கணினிக்கு நகல் போகும்படி அமைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நகலென்று எண்ண முடியாது.

லினக்ஸ் தெரிந்தவர் அருகில் யாருமே இல்லாத சிறு நூலகத்துக்கு, கூப்பிட்டால் மறுநாள் வந்து நிற்கும் உள்ளூர் நிறுவனத்தின் மென்பொருளே நல்லது. இதைச் சொல்ல திறமூல ஆர்வலர்கள் தயங்க வேண்டியதில்லை. நிபந்தனை ஒன்றுதான்: ஒப்பந்தம் முடிந்தாலும், பிரதி விவரங்களுடன் முழுத் தரவையும் மார்க் 21 வடிவில், யூனிகோடில், கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல்லின் ஒரு படி நூலகரின் கையில் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

கல்லூரி நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி.