ஃபார்மேட் போடுவதற்கு முன்னால், மெய்யப்பா

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வயதிலும் உன் கையெழுத்து குலையவில்லை, பொறாமையாக இருக்கிறது. ஆச்சிக்கு மூட்டுவலி குறைந்திருப்பதில் சந்தோஷம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்தெல்லாம் முடிந்து இப்போது பேப்பர் படிக்கிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மாற்றலாகி கோயம்புத்தூர் போய்விட்டார்கள். பேரன் இல்லாமல் வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

சரி, கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை, கடைக்காரப் பையன் ஃபார்மேட் போடலாம் என்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன் போட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஆமாம்" என்பாய், போனை வைத்ததும் ஒன்றும் நினைவிருக்காது. கடிதமென்றால் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செய்யலாம்.

முதல் வேலையாக, அந்தக் கடைக்காரப் பையனிடம் ஃபார்மேட் வேண்டாம், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. நெட் வரவில்லை என்று சொன்ன மாத்திரத்தில் ஃபார்மேட் போடலாம் என்கிறவன் கோளாறு எங்கே என்று பார்க்கவே இல்லை என்று அர்த்தம். உன் கம்பராமாயணக் குறிப்புகள் முழுக்க அதில்தானே இருக்கின்றன? இன்றைக்கே ஒரு பென் டிரைவில் ஏற்றி பீரோவில் வை. மற்றதெல்லாம் அப்புறம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் 198-க்கு வரும் புகார் எல்லாமே "போன் டெட்" என்றுதான் வரும். இரைச்சலாக இருந்தாலும் டெட், வேறு யாரோ பேசுவது கேட்டாலும் டெட். நாங்கள் அதை நம்பி ஒரு வேலையும் செய்ய மாட்டோம். தெருவில் லைன் வீடுகளுக்குப் பிரியும் டிபி பாக்ஸில் லைனைப் பிரித்து, எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு தடவை, வீட்டுப் பக்கம் ஒரு தடவை டெஸ்ட் செய்வோம். எந்தப் பக்கம் பழுது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீ நெட் வரவில்லை என்று எழுதியிருப்பதையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

ஆச்சியின் போனில் யூடியூப் ஓடுகிறது, ஆகவே லைன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதை நான் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் ரூட்டர் முகப்பில் இருக்கிறது, ஆச்சி இருப்பது இரண்டாங்கட்டில். நடுவில் உங்கள் பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் எத்தனை! வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரில் ஒன்றைத் தாண்டுவதே பெரிது. 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். சிக்னல் தேய்ந்தால் போன் யாரையும் கேட்காமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், வீடியோவும் நிற்காமல் ஓடும். ஆகவே ஆச்சியின் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ரூட்டர் பக்கத்திலேயே நின்று பார். அப்போதும் ஓடினால்தான் லைன் நன்றாக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

அது ஓடும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நான் சந்தேகப்படுவது வேறு. கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பு மாதிரி எழுதியிருந்தாயே, காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரை வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது, அதற்கும் நம்மைப் போல வயதாகிவிட்டது போலும் என்று? நீ வேடிக்கையாக எழுதியதுதான். ஆனால் உன் நெட் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்ற முக்கியப் பலகையில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும் சில அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. அது செத்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டருக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. போர்டு செய்தவர்கள் வைத்த ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். உன்னுடையது 2012-இல் வாங்கியதுதானே? அந்தக் காலத்துக்கே திரும்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தேதிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். இப்போது பெரும்பாலான இணையதளங்கள் திறக்கும்போது, தாங்கள் அசல்தான் என்று ஒரு சான்றிதழைக் காட்டும். பேங்க், ஜிமெயில் எல்லாம் அப்படித்தான். அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2020 செப்டம்பரிலிருந்து அதன் ஆயுள் அதிகபட்சம் 398 நாள் என்று வைத்திருந்தார்கள். 2026 மார்ச் 15 முதல் அதை 200 நாளாகக் குறைப்பது, 2029-க்குள் 47 நாளுக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு. உன் கம்ப்யூட்டர் 2012-இல் உட்கார்ந்துகொண்டு அந்தச் சான்றிதழைப் பார்த்தால், இது இன்னும் நடைமுறைக்கே வரவில்லையே, போலி என்று கதவைச் சாத்திவிடும். நீ பார்த்த சிவப்பு முக்கோணம் அதுதான். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று நீ பயந்திருக்க வேண்டாம். அடுத்த தடவை அந்த எச்சரிக்கையை முழுவதும் படி. 'டேட்' என்றோ 'கிளாக்' என்றோ எங்காவது கண்ணில் படும்.

இணைப்பு இருப்பதாகவே மூலையில் காட்டுகிறது, அப்புறம் ஏன் திறக்கவில்லை என்று எரிச்சலாக எழுதியிருந்தாய். விண்டோஸ் அதைத் தெரிந்துகொள்ளும் விதம் வேடிக்கையானது. மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கும். எதிர்பார்த்த இரண்டு மூன்று சொல் அதில் இருந்தால் நெட் உண்டு என்று முடிவு செய்துவிடும். அந்தக் கோப்பைச் சான்றிதழ் கேட்காத பழைய முறையில் எடுப்பதால் அங்கே தேதி குறுக்கே வராது. உண்மையில் உன் நெட் நன்றாகத்தான் இருக்கிறது, கடிகாரம்தான் சரியில்லை.

சில நாள் ஒழுங்காக வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கும் காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சிக்கனக்காரன். ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவாய். சுவரில் கரண்ட் இருக்கும் வரை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும் அந்தக் கடிகாரம் மெயின் கரண்டிலேயே ஓடும், பேட்டரி தேவைப்படாது. சுவரில் அணைத்தால்தான் பேட்டரியை நம்ப வேண்டும். நீ ஸ்விட்சை மறந்துவிட்ட மறுநாள் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கும். வேண்டுமானால் யோசித்துப் பார்.

விண்டோஸ் நேரத்தைத் தானாகத் திருத்தாதா என்றால், திருத்தும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வழக்கமான அமைப்புப்படி, வித்தியாசம் 15 மணி நேரத்துக்குமேல் போனால் அது சாதாரணமாகக் கை வைக்காது. உன்னுடையது வருடக் கணக்கில் பின்னால் இருக்கிறது.

இப்போதே வலது கீழ் மூலையில் தேதியைப் பார். தப்பாக இருந்தால் கையாலேயே சரிசெய்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. திறந்துவிட்டால் நான் சொன்னது சரி. அப்புறம் கடையில் சிஆர் 2032 பேட்டரி என்று கேள். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண். 3 வோல்ட். வாட்ச் கடையிலும் கிடைக்கும், விலை ஒன்றும் அதிகமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிடு. பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு பக்கவாட்டு மூடியைத் திற. பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளிப்பை நகத்தால் விலக்கினால் மேலே எழும்பி வரும். புதியதைப் பிளஸ் குறி மேலே இருக்கும்படி வை. ஆன் செய்ததும் கடைசியாக ஒருமுறை எஃப்1 கேட்கலாம். அதை அழுத்தி, வரும் அமைப்புத் திரையில் தேதியைச் சரியாக வைத்து சேவ் செய்துவிடு.

ஒருவேளை தேதி சரியாகவே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் வீண் என்றால், இதைச் செய். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்தால் கறுப்பு ஜன்னல் வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடி. ஐபிவி4 என்ற வரியில் 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் உனக்கு முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கேபிளைப் பார். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, செருகினாலும் நிற்காமல் நழுவும். வீட்டு நெட் கோளாறில் பாதி அந்த நாக்கால்தான் என்பது என் கட்சி.

முகவரி சரியாக இருந்தால் 'பிங்' அடித்துப் பார். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் தன் இடத்தில் நெட்வொர்க் தகராறு செய்தபோது ஒரே ராத்திரியில் எழுதிய, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல், இன்றும் அதற்கு மாற்று இல்லை. அதே கறுப்பு ஜன்னலில் பிங் என்று ஆங்கிலத்தில் போட்டு, இடைவெளி விட்டு, முன்பு வந்த கேட்வே வரியில் இருக்கும் எண்ணை அடி, அது ரூட்டரின் முகவரி. பதில் வந்தால் ரூட்டர் வரை பழுதில்லை. அடுத்து 8.8.8.8 போடு, அது கூகுளுடையது. அதற்கும் பதில் வந்தால் வெளி லைனும் நன்றாக இருக்கிறது. அதற்கு வந்து, கூகுள் என்று பெயரை அடித்தால் மட்டும் வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டில் கோளாறு. ரூட்டரை அணைத்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்து போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரூட்டருக்குப் பதில் வந்து 8.8.8.8-க்கு வரவில்லையென்றால், லைன் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கைப் பார். சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. அதற்கு நீயும் நானும் செய்ய ஒன்றுமில்லை, லைன்மேன்தான் வரவேண்டும். உங்கள் ஊர்க் கொப்புடையம்மன் தேருக்கு வீதியில் வயரையெல்லாம் அவிழ்ப்பார்களே, அந்தச் சமயமாக இருந்தால் காரணமும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஃபைபர் முனையைக் கழற்றி உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்காதே. அது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னுடையது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பெட்டி பழசு என்பதால் 11-க்கு முறைப்படி மாறவும் வழியில்லை. கம்பனுக்கு அது போதும், தாராளமாக ஓட்டு. பேங்க் வேலையை மட்டும் அதில் வைத்துக்கொள்ளாதே. பென்ஷன் கணக்கை ஆச்சி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி மாற்றியதும் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது. அயோத்தியா காண்டக் குறிப்புகள் முடிந்துவிட்டனவா? பென் டிரைவில் ஏற்றும்போது எனக்கும் ஒரு படி எடுத்து வை, அடுத்த மாதம் காரைக்குடி வரும்போது வாங்கிக்கொள்கிறேன். கைகேயி வரம் கேட்கும் இடத்தில் நீ எழுதியிருப்பதில் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

ஆச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமசாமி
ஸ்ரீரங்கம்