ஞாயிறு எட்டு மணி

முத்தோரை,
உதகமண்டலம்.

அன்பு அம்மணிக்கு,

போன ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அழைப்பதாகச் சொன்னாய். ஒன்பதே முக்காலுக்கு அழைத்தாய். உன் அம்மா அதுவரை போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டால், "பல்சரை விட்டு எழுந்திருக்க முடியவில்லை அப்பா" என்கிறாய். நொடிக்கு 218 முறை சுழன்று, சுற்றுக்கொரு வானொலித் துடிப்பு அனுப்பும் அந்த விண்மீனின் துடிப்பு சில மைக்ரோநொடி பிசகினாலே பிடித்துவிடுகிறவளுக்கு, ஒன்றே முக்கால் மணி நேரம் பிசகியது தெரியவில்லை. நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போதாததற்கு, "தூரத்தில் இருந்தாலும் நம் ஆண்டெனாக்களைப் போல இணைந்துதானே இருக்கிறோம்" என்று ஒரு சமாதானம். முப்பத்தொரு வருடம் இங்கே ஊட்டி வானொலித் தொலைநோக்கிக்கு அடியில் ஸ்பேனர் பிடித்தவனிடமா இந்தக் கதை? கேபிள் போட்டுவிட்டால் இணைந்துவிட்டதாகுமா? வானத்திலிருந்து வரும் ஒரே வானொலி அலை, புனே பக்கம் கோடாட்டில் நிற்கும் உங்கள் டிஷ் ஆண்டெனாக்களில் இரண்டை ஒரே நேரத்தில் தொடுவதில்லை. அப்புறம், 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிஷ்ஷிலிருந்து கண்ணாடி இழை வழியாக நடுக்கூடத்துக்கு வர இன்னும் 70 மைக்ரோநொடி. இந்தத் தாமதங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுச் சரிசெய்தால்தான் முப்பது டிஷ்களின் 435 ஜோடிகளும் ஒத்துப்பேசும். 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும். கணக்குத் தப்பினால் ஆளுக்கொரு பக்கம் பேசும் கல்யாண வீடுதான்.

ஜனவரியில் கோடாட் வந்தபோது ஒரு டிஷ்ஷுக்கு அடியில் என்னை நிறுத்தினாயே, அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். 45 மீட்டர் அகலம், ஆனால் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிகிறது. வலைக்கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு பருந்து வட்டமடித்தது. உன் அம்மா, "இத்தனை ஓட்டை இருந்தால் எல்லாம் ஒழுகிவிடாதா?" என்று கேட்டாள். மீட்டர் நீள அலைக்கு அந்தச் சின்னக் கண்கள் எல்லாம் கெட்டிச் சுவர்தான் என்று நீ சொல்லுமுன் நான் சொல்லிவிட்டேன். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எங்களுடையது ஒற்றை ஆள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1,100 துருவேறாத எஃகுக் கம்பிகள். உறைபனி விழும் காலைகளில் அந்தக் கம்பியைத் தொட்டால் அரைமணி நேரம் விரல் மரத்துப்போகும். ஆனால் இடம் பார்த்த அழகை எவராலும் மிஞ்ச முடியாது. இந்த மலைச்சரிவு ஏறத்தாழ 11 டிகிரி. ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். 1970இல் இதைக் கட்டியெழுப்பிய அதே விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்தான் பிறகு உங்கள் முப்பதையும் நிறுத்தினார். இன்னொன்று: 1980களிலேயே இங்கே சுற்றுவட்டாரத்தில் சிறிய ஆண்டெனாக்களை வைத்து இதோடு இணைத்துப் பார்த்தாயிற்று. நீங்கள் ஒன்றும் முதல் ஆட்கள் இல்லை.

J1713 என்று பெயர் வைத்த அந்தப் பல்சரின் கதையை உன் அம்மாவுக்கு நேற்று மறுபடி சொன்னேன். உலகம் முழுவதும் நம்பிக் கடிகாரமாக வைத்திருந்த பல்சர், 2021 ஏப்ரலில் திடீரென்று துடிப்பின் வடிவத்தை மாற்றிக்கொண்டதும், அதை உங்கள் டிஷ்களும் பிடித்ததும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்தை நோக்கி அது திரும்பியதும். "உடம்புக்கு என்னவாம்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? நீ வந்து சொல்.

அவளுக்குப் பிடித்தது அந்தத் தொலைதூர கேலக்ஸியிலிருந்து வந்த அலைதான். 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹைட்ரஜனிலிருந்து 21 சென்டிமீட்டர் அலையாகக் கிளம்பி, பிரபஞ்சம் விரிய விரியத் தானும் நீண்டு, 48 சென்டிமீட்டராகக் கோடாட் வந்து சேர்ந்ததே, அது. வழியில் இன்னொரு கேலக்ஸி குறுக்கே நின்று, உருப்பெருக்கிபோல முப்பது மடங்கு கூட்டிக் கொடுத்ததால்தான் கேட்டது என்றேன். "பாவம், எவ்வளவு தூரம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வரும் ஞாயிறு எட்டு மணி. அன்று உனக்குத் தொலைநோக்கி நேரம் ஒதுக்கியிருந்தால் பத்து மணி என்று சொல், பத்தே இருக்கட்டும். தாமதம் எங்களுக்குப் பெரிதில்லை. எவ்வளவு தாமதம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வர்க்கி அனுப்பியிருக்கிறோம். நொறுங்கி வந்தால் டீயில் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா