எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் மனுவா? சுகாதாரக் கூட்டணியின் இயக்குநர் குழுவுக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
கோயில் மாதர் சங்கம்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
இயக்குநர் குழுத் தலைவர்,
பொதுச் சுகாதாரக் கூட்டணி (இலாப நோக்கற்ற நிறுவனம்),
ஜோஹானஸ்பர்க்.

பொருள்: உறுப்பினர்களைக் கேட்காமல் நாடாளுமன்றக் குழுவுக்கு மனு அனுப்பியதும், குளிர்பான நிறுவன அதிகாரியை இயக்குநராக அமர்த்தியதும்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கூட்டணி தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் சங்கம் சந்தா கட்டி வருகிறது. மாதாமாதம் டெபிட் ஆர்டரில், அதாவது வங்கியே தானாகப் பிடித்து அனுப்பும் முறையில், உங்கள் கணக்குக்கு வரும் தொகை சிறியதுதான். ஆனால் அது வடை சுட்டு விற்றும், புடவை ஏலம் போட்டும் பெண்கள் சேர்த்த காசு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

குளிர்பானங்களில் உள்ள சர்க்கரைக்கு அரசு போடும் சர்க்கரை வரி பற்றி நாடாளுமன்ற நிதிக் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மனு எங்கள் கைக்கு வந்ததே இன்னொரு உறுப்பு அமைப்பின் தயவில். அதன் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, எங்கள் சங்கத்தின் பெயரும் இருக்கிறது. உள்ளே தேடித் தேடிப் பார்த்தும் வரியை உயர்த்தக் கோரி ஒரு வாக்கியம்கூட இல்லை. 'மேலும் கலந்தாலோசனை தேவை, அதுவரை இப்போதைய நிலை தொடரலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கேட்கச் சொல்லி எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்? மனுவின் வரைவையாவது எங்களுக்கு அனுப்பினீர்களா?

இந்த வரிக்காக உங்களோடு சேர்ந்து உழைத்தவர்கள் நாங்கள். 2016-இல் நிதி அமைச்சகம் முதலில் பேசியது ஏறத்தாழ 20 விழுக்காடு வரியைப் பற்றி. 2017-இல் நாடாளுமன்ற விசாரணைகளில் குளிர்பானத் தொழிலும் கரும்புத் தொழிலும் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு அது கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கி, 2018 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 100 மில்லியில் முதல் 4 கிராம் சர்க்கரைக்கு வரி கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட், மறு ஆண்டு 2.21 சென்ட். எங்கள் தெரு டக்‌ஷாப்பில் விற்கும் 2 லிட்டர் போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் மொத்தம் 200 கிராம் சர்க்கரை. அதில் வரிக்குள் வரும் 120 கிராமுக்கு இந்த வரி 2 ராண்ட் 65 சென்ட். இவ்வளவுதான். 2022-இல் இதை 2.31 சென்ட் ஆக்குவதாக அறிவித்துவிட்டு அரசு பின்வாங்கியது. 2023 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு உயர்வே இல்லை என்றது. நம்மைப் போன்றவர்கள் குரலை உயர்த்த வேண்டிய நேரம் அது. அந்த நேரம் பார்த்து, தொழில் தரப்பு கேட்கும் அவகாசத்தை நீங்களே கேட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஏன் இப்படி நடந்தது என்பது ஆடி மாதம் எங்களுக்குப் புரிந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் மண்டபத்தில் இலவச சர்க்கரைப் பரிசோதனை வைக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம். காலையில் வந்து இறங்கிய பேனரில் கூட்டணியின் சின்னத்துக்குக் கீழே ஒரு குளிர்பான நிறுவனத்தின் சின்னம். பரிசோதனை மேசைக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய குளிர்பெட்டி. விரலில் ஊசி குத்தி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களின் மறு கையில், டி-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் ஒரு போத்தலைக் கொடுத்துக்கொண்டிருந்தான். 'சர்க்கரை இல்லாதது ஆயா, பயப்படாம குடிங்க' என்றான். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, 'இந்தக் கம்பெனி தண்ணியை இனிமே குடிக்கலாமாம்மா? டாக்டரே கொடுக்கிறாங்களே' என்று கேட்டார். அவருக்கு அந்தப் பையனும் டாக்டர், பேனரும் டாக்டர். அந்த நம்பிக்கையைத்தான் அந்த நிறுவனம் உங்களிடமிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறது. குளிர்பெட்டியை நாங்களே மண்டபத்துக்கு வெளியே தள்ளிவைத்தோம்.

அதன் பிறகு விசாரித்ததில்தான், அதே நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் உங்கள் இயக்குநர் குழுவில் இருப்பது தெரிந்தது. அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? எங்களுக்கு வாக்குச் சீட்டு வரவில்லை, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பும் வரவில்லை.

2008-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் நீங்கள். இலாப நோக்கற்ற நிறுவனத்துக்குக் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில், அப்படித் தேர்வாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது ஆண்டுதோறும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஒரு விஷயத்தில் சொந்தப் பண ஆதாயம் உள்ள இயக்குநர் அதைக் குழுவிடம் வெளிப்படுத்திவிட்டுக் கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது 75-ஆம் பிரிவு. சர்க்கரை வரி மனுவைப் பற்றிப் பேசியபோது அந்த அதிகாரி எழுந்து வெளியே போனாரா? கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா? புகையிலை விஷயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 5.3-ஆம் பிரிவில், தொழில் நலன்களிடமிருந்து சுகாதாரக் கொள்கையைக் காக்க வேண்டும் என்று நாடுகளுக்கே சொல்கிறது. தென்னாப்பிரிக்கா அதை 2005-இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பிரிவு குளிர்பானத்துக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சிகரெட் நிறுவனத்தாரை நீங்கள் குழுவில் உட்காரவைத்திருப்பீர்களா என்று மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

கரும்புத் தொழிலாளர்களின் வேலை போய்விடும் என்று உங்கள் மனுவில் ஒரு பத்தி வருகிறது. அந்தக் கவலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஆட்களைக் கொண்டுவந்ததே கரும்புத் தோட்டங்களுக்காகத்தான். எங்கள் பாட்டன் பூட்டன்கள் வெட்டிய கரும்பு அது. வேலையைப் பற்றி அரசிடம் பேச கரும்பு விவசாயிகளுக்குச் சங்கம் இருக்கிறது, ஆலைகளுக்கு ஆள் இருக்கிறார்கள், 2020-இல் கையெழுத்தான சர்க்கரைத் தொழில் பெருந்திட்டமும் இருக்கிறது. கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று பேச இருந்தது இந்தக் கூட்டணி ஒன்றுதான். ஆதாரங்களைத் திரட்டுவது, மக்களைக் கூட்டிக்கொண்டு போய் நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்லவைப்பது, தொழில் தரப்பு சொல்வது சரிதானா என்று கண்காணிப்பது, இவைதான் உங்கள் வேலை. இரண்டு தரப்புக்கும் நடுவில் சமரசம் பேசச் சொல்லி நாங்கள் சந்தா கட்டவில்லை.

இந்த நாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கப் போராட 1998-இல் தொடங்கிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன், கிளைகளில் நோயாளிகளையே திரட்டி, மருந்து நிறுவனங்களின் பணத்தைத் தொடாமல் நின்றது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கக் கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் மருந்து கொடுக்கும்படி 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பும் வாங்கியது. அவர்கள் நீதிமன்றத்தில் நின்றபோது, அவர்களுக்குப் பின்னால் எந்தக் கம்பெனி இருக்கிறது என்று யாராலும் கேட்க முடியவில்லை. இன்று உங்களிடம் அதைக் கேட்க முடிகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். அந்த மனுவைத் திரும்பப் பெற்று, உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டு, ஒப்புதல் வாங்கி மறுபடி அனுப்புங்கள். குளிர்பான நிறுவன அதிகாரி பதவி விலக வேண்டும். இனி உணவு, பானத் தொழிலில் சம்பளம் வாங்குபவர் யாரும் குழுவில் இருக்க முடியாது என்று நிறுவன விதிகளிலேயே எழுதுங்கள். அந்த நிறுவனத்திடம் எவ்வளவு வாங்கினீர்கள், எதற்காக வாங்கினீர்கள் என்று எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவன விதிகள், தணிக்கை செய்த கணக்கு, கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை எங்களுக்கு அனுப்புங்கள். உறுப்பினருக்கு இவற்றைப் பார்க்கும் உரிமையை நிறுவனச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தருகிறது, இதை நாங்கள் சலுகையாகக் கேட்கவில்லை.

எங்கள் சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தபடி டெபிட் ஆர்டரை நிறுத்திவைத்திருக்கிறோம். சந்தாப் பணம் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கிறது. மேலே கேட்டவை நடந்தால் அது முழுவதும் உங்களுக்கு வந்து சேரும். இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த மனுவிலிருந்து எங்கள் பெயரை நீக்கும்படி நாடாளுமன்ற நிதிக் குழுவின் செயலாளருக்கு நாங்களே எழுதுவோம், அதன் நகலை மற்ற உறுப்பு அமைப்புகள் அனைத்துக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பாக.