நெட்வொர்க்கிங் தேர்வும் விடைத்தாள் மனப்பாடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சாலைகளில் ‘தேர்ச்சி உறுதி’ என்ற வாசகத்துடன் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங் துறையின் சான்றிதழ் வகுப்புகளுக்கான பிளக்ஸ் பலகைகள் முளைப்பது வழக்கமாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் பணியாற்றிக்கொண்டு, புதிதாக வேலை கேட்டு வருவோரை நேர்காணல் செய்யும் பொறுப்பிலும் இருப்பவன் என்ற முறையில், நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இச்சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் விதம் குறித்துச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இத்துறையில் நுழைய விரும்புவோர் பெரும்பாலும் எழுதுவது, நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வு. 2020 பிப்ரவரிக்கு முன்பு பாதுகாப்பு, வயர்லெஸ் எனப் பல கிளைகளாக இருந்த அது, அந்த மாதம் 200-301 என்ற எண் கொண்ட, 120 நிமிடம் நடக்கும் ஒரே தேர்வாக்கப்பட்டது. இதைவிட எளிய தொடக்கமாக சி.சி.எஸ்.டி. என்ற 50 நிமிடத் தேர்வை அதே நிறுவனம் வைத்திருக்கிறது. காம்ப்டியா என்ற தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ் அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் தேர்வோ எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. இவை எதற்கும் முன்தகுதி கட்டாயம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவரும் எழுதலாம், பொறியியல் பட்டதாரியும் எழுதலாம். ஆனால் சி.சி.என்.ஏ. கட்டணம் 300 டாலர். வரியும் சேர்ந்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். தோற்றால் அந்தத் தொகை திரும்பாது; மறுபடி எழுத மறுபடி கட்ட வேண்டும்.

இந்தப் பயத்தின் மேல்தான் ‘தேர்ச்சி உறுதி’ வியாபாரம் நடக்கிறது. ‘டம்ப்’ என்று பிள்ளைகள் பேச்சில் வழங்கும் கேள்வி-விடைத் தொகுப்பு ஒன்றை நகலெடுத்துக் கொடுத்து, அதை மனப்பாடம் செய்தால் போதும் என்று சில பயிற்சி மையங்கள் சொல்லி அனுப்புகின்றன. தேர்வு தொடங்குமுன் திரையில் தோன்றும் ஒப்பந்தத்தில், கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே போகிறார்கள் என்பதையும், விதிமீறல் தெரியவந்தால் சான்றிதழையே ரத்து செய்ய முடியும் என்பதையும் அந்த மையங்கள் சொல்வதில்லை. அந்தத் தொகுப்புகளிலுள்ள விடைகளிலும் கணிசமானவை தவறு. இன்றைய பாடத்திட்டத்தில் இல்லாத ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை, ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வழித்தட நெறிமுறை போன்றவற்றை இன்னும் சுமந்து திரியும் பழைய குறிப்புகளையும் பிள்ளைகள் கையில் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நேர்காணலுக்கு நம் மாவட்டத்துத் தம்பி ஒருவர் வந்திருந்தார். தரவு போகும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையின் நிர்வாகத் தொலைவு (வழித்தடத் தகவலை எந்த அளவு நம்பலாம் என்பதற்கான எண்) எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தில் 110 என்று சரியாகச் சொன்னார். மேசையிலிருந்த, கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்ற கருவியையும், அதை அமைக்கப் பயன்படும், வெளிர்நீலத்தில் தட்டையாக இருக்கும் கன்சோல் கேபிளையும், அதற்கான யு.எஸ்.பி. மாற்றியையும் காட்டி, மடிக்கணினியோடு இணைத்து அந்தச் சுவிட்சுக்கு ஒரு பெயர் வைக்கும்படி சொன்னபோது, கேபிளை வரிசையிலுள்ள முதல் ஈதர்நெட் துளையில் செருகிவிட்டு எங்களைப் பார்த்தார். கன்சோல் துளை பின்பக்கம் இருந்தது. சான்றிதழ் வாங்கும்வரை ஒரு சுவிட்சைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று பிறகு அவரே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் வாங்கியவர்கள் அவருக்கு அதைக் காட்டியிருக்க வேண்டும்.

உண்மையில் இத்தேர்வுக்கான படிப்பு, கையால் போட்டுப் பழகும் கணக்கும் கையால் செய்து பார்க்கும் வேலையும்தான். சப்நெட்டிங்கை, அதாவது நெட்வொர்க் முகவரிகளைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதை, எடுத்துக்கொள்வோம். 192.168.10.77/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று கேட்டால், /26 என்பது 64 முகவரிகள் கொண்ட துண்டு என்பதும், துண்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும் என்பதும் தெரிந்தவருக்கு, 77 இரண்டாவது துண்டில் விழுகிறது, நெட்வொர்க் முகவரி 64, துண்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 127, இடையிலுள்ள 65 முதல் 126 வரையான 62 முகவரிகளே கருவிகளுக்குக் கொடுக்கத்தக்கவை என்று அரை நிமிடத்தில் வந்துவிடும். தினமும் பத்துக் கணக்கு தாளில் போட்டால் ஒரு மாதத்தில் தாள்கூட வேண்டியிருக்காது. சி.சி.என்.ஏ. தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதால், இந்த வேகம் அங்கே மிகவும் உதவும்.

பிழை கண்டுபிடிப்பது இதைவிடவும் முக்கியம். மூன்று சுவிட்சுகளை வரிசையாக இணைத்து, இரு முனைகளிலும் உள்ள கணினிகளை விலான் 20-இல் (சுவிட்சுக்குள் பிரித்தமைக்கும் தனி நெட்வொர்க்கே விலான்) போட்டுவிட்டு, நடுச் சுவிட்சில் மட்டும் அந்த விலானை உருவாக்காமல் விட்டுப் பாருங்கள். எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரியும். முகவரிகள் சரியாக இருக்கும். இணைப்பைச் சோதிக்கும் பிங் மட்டும் போகாது. எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு சுவிட்சாக ‘ஷோ விலான்’ கட்டளை போட்டுத் தேடி, நடுவில் 20 இல்லை என்று கண்டுபிடிக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் கற்பது எந்த விடைத்தாளிலும் கிடைக்காது. இதற்கு உண்மையான சுவிட்ச்கூடத் தேவையில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழகும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம்; சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். பாடத்திட்டத்தையும், எந்தப் பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: ஐ.பி. இணைப்புப் பகுதிக்கு 25, அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐ.பி. சேவைகளுக்கும் தானியங்கலுக்கும் தலா 10. நெட்வொர்க் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளின் பெயரை ஒப்பிப்பதிலேயே முதல் மாதம் முழுவதையும் கழிக்கும் வகுப்புக்குப் பணம் கட்டுமுன், பெற்றோர் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வாரம் எதை நடத்துவீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. தேர்வு தமிழில் இல்லை. பாடம் தெரிந்திருந்தும், ‘இவற்றுள் எந்த இரண்டு’, ‘எது பொருந்தாது’ என்று கேட்கும் ஆங்கில வாக்கியத்தை அவசரத்தில் தவறாக வாசித்து மதிப்பெண் இழப்பவர்களை நான் அறிவேன். பாடத்தைத் தமிழில் விளக்கிப் புரியவைத்து, பயிற்சிக் கேள்விகளை மட்டும் ஆங்கிலத்தில் நேரம் வைத்து வாசிக்கச் செய்யும் ஆசிரியரே இவர்களுக்குத் தேவை. அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை.

எழுத்தறிவில் மாநிலத்திலேயே முன்னிற்கும் மாவட்டம் நம்முடையது; 2011 கணக்கெடுப்பிலும் அதுவே நிலை. கிராமங்களுக்கு அதிவேக இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்தக் கேபிளின் முனையில் கருவியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் உள்ளூரிலேயே ஆள் வேண்டும். அது நம் பிள்ளைகளாக இருக்கலாம்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆகியவை அருகருகே அமைந்திருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஆய்வகத்தை வாரம் இரண்டு மாலைகள், வெளியிலிருந்து வரும் தேர்வர்களுக்கும் திறந்துவிட வேண்டும். தேவைப்படுபவை அதிகமில்லை: நான்கு பழைய சுவிட்சுகள், இரண்டு ரூட்டர்கள், சில கன்சோல் கேபிள்கள், கேபிள் முனையில் இணைப்பானைப் பொருத்தும் கிரிம்பிங் கருவி ஒன்று, மேற்பார்வைக்கு ஒருவர். நிறுவனங்கள் புதியன வாங்கும்போது கழித்துக்கட்டும் கருவிகளே இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்; எங்கள் நிறுவனத்தில் கழிக்கப்படுபவற்றை முறைப்படி அனுமதி பெற்று வழங்க ஏற்பாடு செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் வந்து கற்றுக்கொடுக்கவும் என்னால் இயலும். திருவனந்தபுரத்துக்கு ரயிலில் தினமும் போய்வரும் இத்துறை நண்பர்கள் சிலரும் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.