புறா விரட்ட வேறு ஏதாவது கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போகிக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில், வீட்டில் அடைசலாகக் கிடக்கும் பொருட்களை எப்படிக் கழிப்பது என்று ஒரு பக்கம் முழுக்க யோசனைகள் போட்டிருந்தீர்கள். அதில் ஏழாவதோ எட்டாவதோ: பழைய சிடிக்களை நூலில் கோத்து பால்கனியில் தொங்கவிட்டால் புறா அண்டாது. என் மருமகள் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து என் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாலில் சுவரோடு சுவராக நிற்கும் அலமாரி முழுக்க என் வட்டுகள்தான்.

யோசனை தந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் தெருவிலேயே நாலு பால்கனியில் சிடி தொங்குகிறது. புறாவும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் கட்டுவதற்கு முன் வட்டைத் திருப்பி ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் லேசாகப் பொன்னிறம் அடித்து, உறையின் மூலையில் 'சூப்பர் ஆடியோ சிடி' (சுருக்கமாக எஸ்ஏசிடி) என்றிருந்தால் நூலைக் கீழே வையுங்கள்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 16 வருஷம் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவன். சம்பளம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்ற கட்டடத்துக்குப் போவேன். மாடி மாடியாக ஆடியோ கடைகள். வாங்காவிட்டாலும் உட்கார்ந்து கேட்கலாம். 2004-ல் ஒருநாள் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியவில்லை. ஆறு ஸ்பீக்கருக்கான ஆறு வயர் பின்னால் தொங்க, எஸ்ஏசிடியும் டிவிடி ஆடியோவும் பாடும் ஒரு ஜப்பான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்தேன். அதற்குப் பிறகு மாதம் ஒரு வட்டு, போனஸ் வந்தால் மூன்று. இன்று எண்ணினால் எஸ்ஏசிடி 143, டிவிடி ஆடியோ 38. சாதா சிடி கணக்கு மருமகள் படிக்கக்கூடும் என்பதால் வேண்டாம்.

எஸ்ஏசிடி என்பது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1999-ல் கொண்டுவந்தது. சாதா சிடி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இதில் நொடிக்கு 28 லட்சத்துக்கும் மேல், சரியாகச் சொன்னால் 28,22,400 முறை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் என்ஜின் அறையில் தேய்ந்த என் 66 வயதுக் காதுக்கு, இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் இதற்கும் நல்ல சிடிக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. தெரிகிறது என்று சத்தியம் செய்யும் நண்பர்கள் உண்டு, அவர்களோடு சண்டை போட நான் தயாரில்லை. எனக்கு இந்த வட்டின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது.

1950-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் சிகாகோ சிம்பொனி போன்ற இசைக்குழுக்களை மூன்று தடம் உள்ள நாடாவில் பதிவு செய்தது: இடம், நடு, வலம். எல்பி ரெக்கார்டில் இரண்டு தடத்துக்குத்தான் இடம் உண்டு. எனவே நடுத் தடத்தை மற்ற இரண்டிலும் கரைத்துத்தான் விற்றார்கள். 2004 முதல் வந்த எஸ்ஏசிடி வரிசையில்தான் அந்த நடுத் தடம் தனியாக, நடு ஸ்பீக்கரில், வீட்டில் இருப்பவனுக்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டு ஒரு பெட்டிக்குள் கிடந்த சத்தம். இந்த மாதிரி மூன்று, ஐந்து தடக் கலவைகள் பல, வட்டில் மட்டும்தான் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டும் செயலியில் அதே ஆல்பத்தைத் தேடினால் பெரும்பாலும் இரண்டு தடம்தான் வரும்.

நம்மவர் கணக்கிலும் ஒன்று உண்டு. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் என்பவர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். ஒரு தேவாலயத்தில் கலைஞர்களை உட்காரவைத்து, மிகக் குறைந்த மைக் வைத்து, அனலாக் நாடாவில் பதிவு செய்வார். 1992-ல் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் அப்படி வாசித்ததற்குத்தான் கிராமி கிடைத்தது. நம் ரவிகிரணின் சித்திரவீணையையும் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கிராமிப் பதிவு பின்னர் எஸ்ஏசிடியாகவும் வந்தது. என்னிடம் இருக்கிறது. இரவல் தரமாட்டேன்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன ஆடியில் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் சோபாவில் படுத்திருந்தவள், "தாத்தா, இந்த ஸ்பீக்கர் தூங்குது" என்றாள். காதை வைத்தேன். பின்பக்கம் இரண்டும் ஊமை, நடுவிலும் சத்தமில்லை. எஸ்ஏசிடி பாடும்போது பிளேயரின் முகப்பில் எரிய வேண்டிய சின்ன நீல விளக்கும் எரியவில்லை. எத்தனை மாதமாக எரியவில்லை என்பது எனக்குத் தெரியாது. அதுதான் அவமானம்.

நடந்தது இது. சாதா சிடி பிளேயரிலும் பாடும் 'ஹைப்ரிட்' எஸ்ஏசிடியில் இரண்டு அடுக்கு. நடுவில் உயர்தர அடுக்கு, மேலே லேபிளுக்கு ஒட்டினாற்போல் சாதா சிடி அடுக்கு. வட்டைப் படிக்கும் ஒரே லேசர் தலைக்குள் இரண்டு லேசர்: சிடிக்கு 780 நானோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாது, எஸ்ஏசிடிக்கும் டிவிடிக்கும் 650, அது சிவப்பு. சிவப்பு லேசர் கிழடாகி விட்டது. மெஷின் அதை நாலு முறை முயன்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல், இரண்டு தடம் மட்டுமே உள்ள சிடி அடுக்குக்கு மாறி வாசித்திருக்கிறது. நானும் அதைத்தான் எஸ்ஏசிடி என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முன் பத்தியில் என் காதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஆரம்ப கால எஸ்ஏசிடிகளில் சிடி அடுக்கே கிடையாது. அவற்றில் ஒன்றைப் போட்டேன். 'நோ டிஸ்க்' என்றது. கையில் வட்டு இருக்கிறது, கீறல் இல்லை, 30 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கியது. மெஷின் இல்லை என்கிறது.

சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். "மாடல் நம்பர் சிஸ்டத்துலயே வரலை சார், புதுசு வாங்கிடுங்க" என்றார் அந்தப் பையன். எதை வாங்குவது? ஓப்போ என்ற நிறுவனம் எல்லா வட்டையும் பாடும் நல்ல பிளேயர்களைச் செய்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. ஜப்பானில் இன்னும் புது எஸ்ஏசிடி வெளியாகிறது, மராண்ட்ஸ், டெனான் போன்றவர்களிடம் பிளேயர் இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு தடம் மட்டும். விலையைக் கேட்டால் என் பென்ஷன் சிரிக்கும்.

ஆன்லைனில் லேசர் தலை ஒன்றை வரவழைத்து, திருச்சியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மாட்டினார், வேலை செய்யவில்லை, டூப்ளிகேட் என்று தள்ளிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புது லேசர் தலையை அனுப்பும்போது, கைபட்டு ஸ்டாட்டிக் மின்சாரம் பாய்ந்து கெட்டுவிடாமல் இருக்க, இரண்டு புள்ளிகளைச் சேர்த்து கடுகளவு ஈயம் வைத்து அனுப்புவார்கள். கேபிளை மாட்டிய பிறகு அதை உருக்கி எடுத்துவிட வேண்டும். அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன், கை கொஞ்சம் நடுங்கியது. தட்டைத் திறக்கும் ரப்பர் பெல்ட்டும் திருச்சி வெயிலில் இளகிப் பிசினாகி இருந்தது, அதையும் மாற்றினேன். மூடியைப் போடாமல், அறை விளக்கை அணைத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லென்ஸுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. நேரே குனிந்து பார்க்கக் கூடாது, கண் போய்விடும். பொட்டு இரண்டு முறை மேலும் கீழும் அசைந்தது, வட்டு சுற்றியது, நீல விளக்கு எரிந்தது.

இந்தத் தலை எத்தனை வருஷம் தாங்கும்? அடுத்ததை யார் விற்பார்? ஆகவே பிரதி எடுக்கிறேன். சாதா சிடி என்றால் சுலபம். எந்த கம்ப்யூட்டரிலும் ஃப்ளாக் கோப்பாக ஒரு பிட் குறையாமல் எடுத்துவிடலாம், ஒரு சிடிக்கு முந்நூறு நானூறு எம்பி. எஸ்ஏசிடி அப்படி அல்ல. செய்தவர்களே பூட்டுப் போட்டு விற்றார்கள். வட்டில் உள்ள குழிகளின் அகலத்திலேயே ஒரு முத்திரை ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் டிரைவுக்கு அது தெரியாது. 2006-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குத் தெரியும். பின்னால் வந்த பெட்டிகளில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர் நண்பரின் மகன் பரணில் போட்டிருந்த பழைய பெட்டி ஒன்று, துணிமூட்டைக்கு நடுவில் என்னிடம் வந்து சேர்ந்தது. இதுவரை 61 வட்டு முடிந்திருக்கிறது. பெட்டி இட்லிக் குண்டான் மாதிரி சூடாவதால் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை.

இது குற்றமில்லையா என்று மகன் கேட்டான். நான் வக்கீல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவைப் படித்துப் பார்த்தேன். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனைத்தான் அது தண்டிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வட்டை என் காதுக்காகப் பத்திரப்படுத்துகிறேன், யாருக்கும் பிரதி கொடுப்பதில்லை. எனக்கு அது போதும்.

வட்டைப் பாதுகாக்க வாசகர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். கல்யாண ஆல்பம் மாதிரி வரும் பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் போடாதீர்கள். என் இருபது சிடி அதில் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது அச்சும் கூடவே வந்தது. சாதா சிடியில் பாட்டு இருப்பது லேபிளுக்கு நேர் கீழே, ஒரு பூச்சு கனத்தில். கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே, வட்டமாக அல்ல. உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தை ராமபாணப் பூச்சி அரிக்காமல் பாருங்கள். யார் மிருதங்கம், எந்த சபா, எந்த வருஷம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், செயலியில் இருக்காது.

கடைசியாக ஒன்று, இது அரசுக்கு. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகமும் கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி என நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். சென்னையில் கன்னிமாரா. பிறகு பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். உங்கள் இதழும் போய்க்கொண்டிருக்கும். ஒலிவட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் மார்கழிக் கச்சேரிகளை சிடியாகப் போட்டன. ஆயிரம் பிரதி விற்றால் பெரிது. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று யாரிடமும் பட்டியல் இல்லை. ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போயிருந்தால், பக்கத்தில் ஓடுகிற பிளேயரும் ஒன்று இருந்திருந்தால், நான் இப்படிப் பொடி ஈயத்தை உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான். உங்கள் நாடாளுமன்ற நிருபர் யாரிடமாவது கேட்டுப்பார்க்கலாம்.

வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது பின்பக்கம் ஆறு வயர் ஓட்டை உள்ள பழைய பிளேயர் இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, காயலான் கடைக்குப் போடுமுன் ஆசிரியரிடம் என் முகவரி கேட்டு ஒரு கார்டு போடுங்கள். பெல்ட்டும் லேசர் தலையும் கழற்றிக்கொள்வேன். மிச்சம் 82 வட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல்தள எலெக்ட்ரீஷியன்,
தில்லைநகர், திருச்சி.